மைன்ஸ்வீப்பர்: விண்டோஸோடு வந்ததும் பிரவுசரில் ஆடுவதும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

தெரிந்தவர்கள் புது லேப்டாப் வாங்கினால் ஆன்டிவைரஸ் போட, தமிழ் எழுத்துரு போட என்று என்னிடம் தூக்கிக்கொண்டு வருவார்கள். எல்லாம் முடிந்து கிளம்பும்போது வாசலில் நின்றபடி ஒரு கேள்வி வரும்: "அந்தப் பழைய பாம் கேம் இதில் இல்லையா?" இல்லை, பிரவுசரில் தேடி ஆடுங்கள் என்று சொல்லி அனுப்பினால் இரண்டு நாளில் போன் வரும்: "இது அது மாதிரி இல்லையே!" அவர்கள் சொல்வது சரிதான். எங்கெங்கே மாறுகிறது என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

புது லேப்டாப்பில் மைன்ஸ்வீப்பரைக் காணோமே, எங்கே போனது?

2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது எடுத்துவிட்டார்கள். மைக்ரோசாப்டில் வேலை பார்த்த ராபர்ட் டானர், கர்ட் ஜான்சன் இருவரும் எழுதிய இந்த விளையாட்டு முதலில் 1990-இல் தனியாக விற்ற என்டர்டெயின்மென்ட் பேக்கில் வந்தது, 1992-இல் விண்டோஸ் 3.1-இல் ரிவெர்சி என்ற விளையாட்டின் இடத்தைப் பிடித்தது, அதற்கப்புறம் 95, 98, எக்ஸ்பி என்று இருபது வருஷம் கூடவே வந்தது. நம்மில் பலர் மனதில் வைத்திருப்பது எக்ஸ்பியில் இருந்த சாம்பல் நிறக் கட்டமும் மஞ்சள் முகமும்தான். விஸ்டாவிலும் 7-இலும் இருந்தது புதிதாக எழுதிய வேறொரு பதிப்பு, பெயர்தான் அதே. விண்டோஸ் 10 வந்தபோது சாலிட்டேரைத் திரும்பக் கூடவே வைத்துக் கொடுத்தார்கள், மைன்ஸ்வீப்பருக்கு மட்டும் அந்த அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை.

ஸ்டோரில் மைக்ரோசாப்ட் மைன்ஸ்வீப்பர் என்று ஒன்று இருக்கிறதே?

இருக்கிறது. இலவசம், ஆனால் விளம்பரம் வரும், விளம்பரம் வேண்டாம் என்றால் சந்தா கட்ட வேண்டும். தினசரிச் சவால், சாகசப் பயணம் என்று ஏகப்பட்டது சேர்த்திருக்கிறார்கள். அடியில் பழைய ஆட்டமும் உண்டு. டீ குடிக்கிற நேரத்தில் ஒரு ஆட்டம் என்று நினைப்பவருக்கு அது கல்யாண மண்டபம் மாதிரி, உள்ளே நுழைந்து சாப்பாட்டுப் பந்தியைத் தேடவே நேரம் ஆகும்.

கட்டம், எண், கொடி எல்லாம் ஒன்றுதானே? பிரவுசரில் ஆடினால் என்ன வித்தியாசம் வந்துவிடப் போகிறது?

விதி ஒன்றுதான். எண் 3 என்றால் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் மூன்றில் கண்ணி. அது எங்கும் மாறாது. மாறுவது விதிக்கு வெளியே இருப்பவை: முதல் கிளிக்கில் என்ன நடக்கிறது, ஊகிக்க வேண்டிய நிலை வருமா வராதா, கடிகாரம் எப்படி எண்ணுகிறது, மவுஸ் எப்படி நடந்துகொள்கிறது, உங்கள் சாதனை எங்கே பதிவாகிறது. இவற்றில் முதல் இரண்டும் ஆட்டத்தையே வேறு ஆட்டமாக்கிவிடும். மற்றவை பழகினால் சரியாகிவிடும்.

முதல் கிளிக்கில் அப்படி என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. எக்ஸ்பியில் முதல் கிளிக்கில் நீங்கள் சாக மாட்டீர்கள், அது உறுதி. ஆனால் அதற்கு மேல் எந்த உறுதியும் இல்லை. திறந்த கட்டத்தில் வெறும் "2" மட்டும் நின்றால், சுற்றி எட்டுக் கட்டமும் மூடியிருக்கும், அடுத்த கிளிக் குருட்டுக் கிளிக்தான். கூகுள் தேடலில் வரும் மைன்ஸ்வீப்பர் உட்படப் பல பிரவுசர் பதிப்புகள் முதல் கிளிக்கைச் சுற்றிக் கண்ணியே வைக்காமல் ஒரு பெரிய வெளியைத் திறந்துவிடுகின்றன. ஆட்டம் யோசனையிலேயே தொடங்குகிறது.

பழைய பதிப்பில் எங்கே தொடங்கினால் நல்லது என்று கேட்பார்கள். மூன்று நிலைகளில் கடினமான எக்ஸ்பர்ட் பலகையை எடுத்துக்கொள்ளுங்கள்: 30க்கு 16, மொத்தம் 480 கட்டம், 99 கண்ணி, அதாவது ஐந்துக்கு ஒன்றைவிடச் சற்று அதிகம். நடுவில் கிளிக் செய்தால் சுற்றியுள்ள எட்டும் காலியாக இருந்தால்தான் வெளி திறக்கும். கணக்குப் போட்டால் ஏறத்தாழ ஆறு தடவைக்கு ஒரு தடவை. ஓரத்தில் ஐந்து பக்கத்துக் கட்டம்தான், மூன்றில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. மூலையில் மூன்றே மூன்று, அங்கே சரிபாதி வாய்ப்பு. அதனால் மூலையில் தொடங்குங்கள்.

எந்த மூலை என்பதிலும் ஒரு சின்ன விஷயம் உண்டு. முதல் கிளிக் கண்ணியில் விழுந்தால் எக்ஸ்பி பதிப்பு அந்தக் கண்ணியை எடுத்து மேல் இடது மூலையில் வைக்கும். அங்கே ஏற்கெனவே கண்ணி இருந்தால் அதற்கு வலப்பக்கம், அப்படியே தேடிக்கொண்டு போய் முதல் காலி இடத்தில். நீங்கள் தொடங்குவதே மேல் இடது மூலை என்றால், அங்கிருந்த கண்ணி பக்கத்திலேயே வந்து உட்காரும், வெளி திறக்காது. சரிபாதியாக இருந்த வாய்ப்பு சுமார் 40 சதவீதமாக இறங்கிவிடும். மற்ற மூன்று மூலைகளில் ஒன்றில் தொடங்குங்கள். கூடவே இன்னொன்று: வேறு இடத்தில் தொடங்கியிருந்தால், ஆட்டம் போகப் போக மேல் இடது மூலையை மட்டும் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். அங்கே கண்ணி இருக்க 37 சதவீத வாய்ப்பு, மற்ற இடங்களில் 20 சொச்சம்தான்.

பிரவுசரில் இந்த வித்தை எதுவும் தேவையில்லை, எங்கே வேண்டுமானாலும் தட்டலாம். வசதிதான். எனக்கு அந்த மூலை வித்தை இல்லாதது கொஞ்சம் உப்புக் குறைந்த மாதிரி இருக்கும், அது என் பிரச்சினை.

பலகையின் அளவெல்லாம் ஒன்றுதானா?

விண்டோஸில் பிகினர் முதலில் 8க்கு 8, பிறகு 9க்கு 9 ஆனது. இரண்டிலும் 10 கண்ணி. இன்டர்மீடியட் 16க்கு 16, 40 கண்ணி. பெரும்பாலான பிரவுசர் பதிப்புகள் இதையே வைத்துக்கொள்கின்றன. கூகுளுடையது தனி வழி: 10க்கு 8 (10 கண்ணி), 18க்கு 14 (40), ஹார்ட் என்ற கடின நிலையில் 24க்கு 20 (99). கடைசியைப் பெருக்கிப் பாருங்கள், அதுவும் 480 தான். கண்ணி அடர்த்தியில் எக்ஸ்பர்ட்டுக்குச் சமம், வடிவம் மட்டும் சதுரத்தை நெருங்கிவிட்டது. "கூகுளில் ஹார்ட் முடித்தேன், அது எக்ஸ்பர்ட் கணக்கில் வருமா?" என்று ஒருவர் கேட்டார். முதல் கிளிக்கில் வெளி கிடைத்ததைக் கழித்துக்கொண்டால், தாராளமாக வரும்.

எக்ஸ்பியில் என் இன்டர்மீடியட் நேரம் 46 விநாடி. பிரவுசரில் 45.3 வருகிறது. முன்னேறிவிட்டேனா?

இல்லை, அப்படியே இருக்கிறீர்கள். எக்ஸ்பி கடிகாரம் முதல் கிளிக் செய்த நொடியிலேயே 1 என்று காட்டிவிடும், பின்னம் கிடையாது. அதனால் அங்கே 46 என்பது நிஜத்தில் 45 விநாடி முடிந்து 46-ஐ எட்டாத ஏதோ ஒரு நேரம். பல பிரவுசர் பதிப்புகள் விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை காட்டும். ஒப்பிட வேண்டும் என்றால் எக்ஸ்பி எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்துவிட்டுப் பாருங்கள். முதல் கிளிக் விதி வேறாக இருந்தால் அப்படியும் ஒப்பிட முடியாது.

நேரத்தை மட்டும் வைத்துப் பெருமைப்படுவதிலும் ஒரு ஓட்டை உண்டு. பலகைக்குப் பலகை கஷ்டம் மாறும். கொடி வைக்காமல் ஒரு பலகையை முடிக்கக் குறைந்தது எத்தனை இடது கிளிக் வேண்டும் என்பதை 3பிவி என்பார்கள். 3பிவி 30 உள்ள பலகையில் 40 விநாடியும், 70 உள்ள பலகையில் 60 விநாடியும் எடுத்தால், இரண்டாவதுதான் நல்ல ஆட்டம். பழைய விண்டோஸ் பதிப்பு இந்த எண்ணைக் காட்டாது. தீவிரமாக ஆடுபவர்களுக்கென்று செய்த பிரவுசர் தளங்கள் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் காட்டும்.

கடைசியில் இரண்டு கட்டம் மிச்சம் இருக்கிறது, எது என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. நான் ஏதாவது விட்டுவிட்டேனா?

பெரும்பாலும் இல்லை. இடது கீழ் மூலையில் மேலும் கீழுமாக இரண்டு கட்டம் மூடியிருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அவற்றுக்கு மேலே ஒரு கொடி, அதன் வலப்பக்கம் இன்னொரு கொடி. மூடிய கட்டங்களுக்குப் பக்கத்தில் திறந்திருக்கும் எண்கள் மேலே 3, கீழே 1. 3-இல் இரண்டைக் கொடிகள் எடுத்துக்கொண்டன, மிச்சம் ஒன்று. கீழே உள்ள 1-க்கும் ஒன்று. அந்த இரண்டு எண்களும் மூடிய இரண்டு கட்டங்களையும் ஒரே மாதிரி தொடுகின்றன. மிச்சக் கண்ணி எண்ணிக்கையும் ஒன்று. எத்தனை நேரம் உற்றுப் பார்த்தாலும் இதில் தகவல் இல்லை. காசு சுண்டிப் போட வேண்டியதுதான்.

விண்டோஸோடு வந்த பழைய பதிப்பு இதைத் தடுக்கவே முயலாது. கண்ணியை அங்கங்கே இறைத்துவிட்டுப் போய்விடும். எக்ஸ்பர்ட்டில் பத்து நிமிஷம் ஆடி, கடைசிக் கட்டத்தில் காசு சுண்டித் தோற்ற கடுப்பில் மவுஸைத் தட்டிய அனுபவம் இல்லாதவர் யார்? (அப்படி இருக்கும்போது யோசித்து நேரத்தை வீணாக்காதீர்கள். எப்படியும் ஊகம்தான் என்று தெரிந்துவிட்டால் உடனே தட்டிவிடுங்கள், தோற்றாலும் பத்து விநாடி மிச்சம்.)

பிரவுசர் பக்கம் வந்தால் இதற்கு மருந்து கிடைக்கிறது. ஊகமே தேவைப்படாத பலகை கொடுக்கும் பதிப்புகள் இருக்கின்றன. எனக்குப் பிடித்தது சைமன் டாத்தம் என்பவரின் புதிர்த் தொகுப்பில் உள்ள "மைன்ஸ்". இலவசம், பிரவுசரிலேயே ஓடும். நீங்கள் முதல் கிளிக் செய்த பிறகு அது தானே பலகையைத் தீர்த்துப் பார்க்கும். எங்காவது மாட்டிக்கொண்டால் கண்ணிகளை நகர்த்தி மறுபடி தீர்த்துப் பார்க்கும். தர்க்கத்தாலேயே முடியும் என்று உறுதியான பிறகுதான் உங்களிடம் கொடுக்கும். இதனால்தான் 480 கட்டத்தில் 170 கண்ணி என்ற பயங்கரமான அளவையும் அதில் துணிந்து வைத்திருக்கிறார். எக்ஸ்பியில் அந்த அடர்த்தியை வைத்தால் ஆட்டம் தொடங்கவே தொடங்காது.

இதைச் சொன்னதும் ஒருவர், "அப்போது அது சுலபம்தானே?" என்றார். ஆடிப் பாருங்கள். ஊகம் இல்லை என்றால் சாக்கும் இல்லை, தோற்றால் நாம்தான் எங்கேயோ கோட்டை விட்டிருக்கிறோம். பல சமயம் கடைசியில் மிச்சக் கண்ணி எண்ணிக்கையை வைத்துத்தான் முடிச்சு அவிழும், அதைப் பார்க்க மறந்துபோவோம். தர்க்கம் என்றாலே எளிது என்றும் இல்லை: பலகையில் தெரியும் எண்களுக்குப் பொருந்துகிற மாதிரி கண்ணிகளை வைக்க முடியுமா முடியாதா என்ற பொதுக் கேள்வி என்பி-கம்ப்ளீட் வகைச் சிக்கல் (எல்லாப் பலகைக்கும் வேகமாக விடை சொல்லும் வழி இதுவரை யாருக்கும் தெரியாத வகை) என்று ரிச்சர்ட் கே என்ற கணிதவியலாளர் 2000-இல் நிரூபித்திருக்கிறார்.

பிரவுசரில் ரைட் கிளிக் செய்தால் கொடிக்குப் பதிலாக ஏதோ மெனு வருகிறதே?

நன்றாக எழுதாத பக்கம். நல்ல பதிப்பு பலகைக்குள் ரைட் கிளிக்கைத் தானே எடுத்துக்கொள்ளும். பலகையின் ஓரத்தில் ஒரு மில்லிமீட்டர் தள்ளித் தட்டினால் எதிலும் மெனு வரும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. வேறு தளத்துக்கு மாறிவிடுங்கள்.

கை பழக்கத்தில் இதைவிடப் பெரிய வித்தியாசம் இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்துவது. ஒரு எண்ணைச் சுற்றிக் கொடிகள் சரியாக இருந்தால், எக்ஸ்பியில் அந்த எண்ணின் மேல் இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்தி விட்டதும் மீதிக் கட்டங்கள் படபடவென்று திறக்கும். பல பிரவுசர் பதிப்புகளில் எண்ணின் மேல் வெறும் இடது கிளிக் போதும். வேகம் கூடும், ஆனால் கை தவறி எண்ணைத் தட்டினாலும் அது வேலை செய்யும், கொடி ஒன்று தப்பாக இருந்தால் அதே நொடியில் ஆட்டம் முடிந்துவிடும். லேப்டாப் டச்பேடில் இரண்டு பட்டனைச் சேர்த்து அழுத்துவது நரகம் என்பதால் அங்கே எனக்குப் பிரவுசர் முறைதான் சரி.

எக்ஸ்பியில் இன்னொரு நல்ல விஷயம், பட்டனை அழுத்தியதும் கட்டம் உள்ளே அமுங்கும், மேலே மஞ்சள் முகம் வாயைப் பிளக்கும், விரலை எடுத்தால்தான் கட்டம் திறக்கும். அழுத்திய பிறகு சந்தேகம் வந்தால் அப்படியே இழுத்துக்கொண்டு பலகைக்கு வெளியே போய் விட்டுவிடலாம். எத்தனையோ ஆட்டங்கள் அப்படிப் பிழைத்திருக்கின்றன! சில பிரவுசர் பதிப்புகளில் அழுத்தியதுமே திறந்துவிடும். புதுத் தளத்தில் முதலில் இதைச் சோதித்துப் பாருங்கள்.

போனில்?

சின்னப் பலகை என்றால் சரி. கொடிக்கு விரலை அழுத்திப் பிடிக்க வேண்டும், அல்லது கொடி-மண்வெட்டி மாற்றுவதற்கு ஒரு பட்டன் இருக்கும். முப்பது கட்ட அகலத்தைப் போன் திரையில் அடைத்தால் கட்டம் கடுகு மாதிரி ஆகிவிடும். என் விரலுக்கு அது ஒத்துவரவில்லை.

என் சாதனைகள் எல்லாம் ஒரே நாளில் காணாமல் போய்விட்டன!

பிரவுசரைச் சுத்தம் செய்திருப்பீர்கள். கணக்குத் தொடங்காமல் ஆடும் தளங்களில் உங்கள் நேரங்கள் அந்தப் பிரவுசரின் சேமிப்பில்தான் இருக்கும். குக்கீயோடு தளத் தரவையும் அழித்தால் அதுவும் போய்விடும், இன்காக்னிட்டோவில் ஆடினால் மூடியதுமே போய்விடும். வேண்டும் என்றால் கணக்குத் தொடங்கும் தளத்தில் ஆடுங்கள், அங்கே சர்வரில் இருக்கும்.

எக்ஸ்பியில் இது ரெஜிஸ்ட்ரி என்ற விண்டோஸின் உள் பதிவேட்டில் பதிவானது, மூன்று நிலைக்கு மூன்று பெயர், மூன்று நேரம், அவ்வளவுதான். யாரும் ஆடாத கம்ப்யூட்டரில் 999 விநாடி, அநாமதேயர் என்று இருக்கும். விண்டோஸ் 7 இன்னும் விரிவாக எத்தனை ஆட்டம், எத்தனை வெற்றி, தொடர்ச்சியாக எத்தனை என்று வைத்திருந்தது. தோற்றால் அதே பலகையைத் திரும்ப ஆடவும் விட்டது.

கம்ப்யூட்டரிலேயே சாதனை இருந்ததில் ஒரு சுவாரஸ்யம் உண்டு. நான் கல்லூரி நாளில் போய்வந்த பிரவுசிங் சென்டரில் நான்காம் நம்பர் கம்ப்யூட்டரில் எக்ஸ்பர்ட் 112 என்று "கே" என்ற ஒற்றை எழுத்தில் யாரோ போட்டு வைத்திருந்தார்கள். ஆறு மாசம் அந்த நாற்காலிக்காகவே காத்திருந்து உட்கார்ந்தேன். ஒரு நாள் கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்துவிட்டார்கள், கே-யும் போனார், என் 131-ம் போனது. இப்போது பிரவுசரில் உலகப் பட்டியலில் பல்லாயிரத்து எத்தனையாவதோ இடத்தில் இருக்கிறேன். எனக்கு மேலே இருப்பவர் மேல் ஒரு கோபமும் வருவதில்லை.

நெட் இல்லாமல் பிரவுசரில் ஆட முடியுமா?

பல பதிப்புகளில் முடியும். பக்கம் ஒரு முறை திறந்துவிட்டால் ஆட்டம் முழுக்க உங்கள் பிரவுசருக்குள்ளேயே நடக்கும், ரீலோட் மட்டும் செய்யாதீர்கள். ஒவ்வொரு கிளிக்கையும் சர்வரிடம் கேட்டுத் திறக்கும் தளம் என்றால் நெட் போனதும் நின்றுவிடும்.

பழைய எக்ஸ்பி ஃபைலையே இறக்கிப் போட்டுக்கொள்ளலாமா?

ஃபைல் சுமார் 120 கேபிதான், இன்றைய விண்டோஸிலும் ஓடும். 3.1 காலத்து 16-பிட் ஃபைல் 64-பிட் விண்டோஸில் ஓடாது. ஆனால் முகம் தெரியாத தளத்திலிருந்து இறக்குவது எனக்குச் சம்மதமில்லை. போன வருஷம் ஒருவர் அப்படி இறக்கியதில் விளையாட்டும் வந்தது, கூடவே பிரவுசரின் முகப்புப் பக்கத்தை மாற்றும் ஒரு சனியனும் வந்தது. துடைத்து எடுக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. வீட்டிலேயே பழைய எக்ஸ்பி கம்ப்யூட்டர் இருந்தால் அதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். புதுத் திரையில் சின்னதாகவோ மங்கலாகவோ தெரியும், ஏனென்றால் ஒரு கட்டம் 16 பிக்ஸல்தான். பிரவுசர் என்றால் கன்ட்ரோலும் பிளஸ்ஸும் தட்டிப் பெரிதாக்கிக்கொள்ளலாம். கண்ணாடி போட்ட எங்கள் வயசுக்காரர்களுக்கு இது ஒன்றே போதும்.

எக்ஸ்-ஒய்-இசட்-இசட்-ஒய் என்று டைப் செய்தால் கண்ணி தெரியும் என்பது உண்மையா?

பழைய பதிப்பில் உண்மை. எக்ஸ்பியில் அதை டைப் செய்து ஷிஃப்டும் என்டரும் அழுத்தினால், திரையின் மேல் இடது கோடியில் ஒரே ஒரு பிக்ஸல், மவுஸ் நிற்கும் கட்டம் பாதுகாப்பானால் வெள்ளையாகவும் கண்ணியானால் கறுப்பாகவும் மாறும். டெஸ்க்டாப் பின்னணி அடர்நிறமாக இல்லாவிட்டால் கண்ணுக்கே தெரியாது. பிரவுசரில் இது வேலை செய்யாது, வீணாகத் தட்டாதீர்கள்.

விஸ்டாவில் கண்ணிக்குப் பதில் பூ வந்ததே, ஏன்?

கண்ணிவெடியில் நிஜமாகவே மனிதர்கள் கால் இழக்கும்போது அதை விளையாட்டாக்குவதா என்று இத்தாலியில் ஒரு எதிர்ப்பு இயக்கமே நடந்தது. விஸ்டாவில் பூந்தோட்டத்தை ஒரு மாற்றாகச் சேர்த்தார்கள். நாம் கண்ணிவெடி என்பதை ஈழத்தில் மிதிவெடி என்பார்கள், போர் முடிந்த பிறகும் வன்னி மண்ணில் அதைத் தேடித் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து வந்த நண்பர் ஒருவர் பூப் பதிப்பைத்தான் ஆடுவார். காரணம் நான் கேட்டதில்லை.

பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்க எது நல்லது?

ஊகம் தேவைப்படாத பிரவுசர் பதிப்பு, 9க்கு 9. தப்பு செய்தால் "மைன்ஸ்"-இல் ஒரு படி பின்னால் போய்த் தொடரலாம், எத்தனை தடவை செத்தீர்கள் என்று மட்டும் ஓரத்தில் எண்ணி வைக்கும். நேர் சுவரில் 1-2-1 என்று வந்தால் ஒன்றுகளுக்கு நேரே கண்ணி, நடுவில் காலி என்பதை நீங்கள் சொல்லாதீர்கள், தானே கண்டுபிடிக்கட்டும்.

கடைசியாக, நீங்கள் எதில் ஆடுகிறீர்கள்?

பகலில் லேப்டாப்பில் "மைன்ஸ்", 30க்கு 16, 99 கண்ணி. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம், மாமா வீட்டில் இன்னும் உயிரோடு இருக்கும் எக்ஸ்பி டெஸ்க்டாப்பில் ஒரு ஆட்டமாவது. அங்கே எக்ஸ்பர்ட் சாதனை 124, மாமா பெயரில் இருக்கிறது. நேற்று கீழ் வலது மூலையில் தொடங்கி 119-இல் வந்து நின்றேன், மிச்சம் இரண்டு கட்டம், மேலே 3, கீழே 1.